தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு: இரண்டு பிசியோ கிளினிக், ஒரு ஈஸி சேர், மூன்று சறுக்கல்

வலது தோள்பட்டையில் ஜவ்வு கிழிந்து, சின்னத் துளை வழியாகச் செய்கிற கீஹோல் ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது பத்தாவது மாதம் நடக்கிறது. இதில் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தது இரண்டு மணி நேரம்கூட இருக்காது, மிச்சம் எல்லாம் பிசியோதெரபிதான். ஆனால் பாருங்கள், எந்த சர்ஜனிடம் போகலாம் என்று கேட்டால் ஊரில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், எந்த பிசியோவிடம் போகலாம் என்று கேட்டால் "வீட்டுப் பக்கத்தில் எது இருக்கோ அங்கே போங்களேன்" என்பார்கள். நானும் அப்படித்தான் போனேன், நன்றாகப் பட்டேன், அப்புறம் மாறினேன்.

திருச்சி தில்லை நகரில் இப்போது நான் போய்வரும் பிசியோ கிளினிக்கைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பெயர் போடவில்லை. முதலில் போன இடத்தைக் குறை சொல்லப்போகிறேன், ஒன்றின் பெயரைப் போட்டால் இன்னொன்று எது என்று ஊர்க்காரர்கள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மதிப்பெண்ணை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று பிறகு சொல்கிறேன்.

நான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர். ஆடி மாதம் ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசல்படி ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். சுளுக்கு என்று ஒரு மாதம் தைலம் தேய்த்ததுதான் மிச்சம். கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை, கரும்பலகையில் என் தோள் உயரத்துக்கு மேல் எழுத முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் சுப்ராஸ்பைனேட்டஸ் என்கிற தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறது. தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் உண்டு, நான்கும் சேர்ந்ததைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள், அதில் மேலே இருப்பது இது. ஆசிரியர் தினத்துக்கு மறுநாள் ஆபரேஷன். எலும்பில் சின்ன ஆணி மாதிரி இரண்டு ஆங்கர் வைத்து, அதிலிருக்கும் நூலால் தசைநாரை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மரத்துப்போகச் செய்வார்கள். அன்று முழுக்க வலியே இல்லை. இவ்வளவுதானா என்று வந்தவர்களிடம் எல்லாம் பெருமை பேசினேன். மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு மரப்பு விட்டபோது தெரிந்தது. நான் படுக்கப் போகும்முன் ராத்திரி டியூட்டி நர்ஸ் வந்து "வலி இல்லைன்னாலும் மாத்திரையைப் போட்டுக்குங்கம்மா, மரப்பு போனதும் மொத்தமா ஏறும்" என்று சொன்னார். நான்தான் தேவையில்லை என்று வைத்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள்.

கிளினிக் கதைக்கு வரும்முன் வீட்டில் வாங்கிப்போட்ட சாமான்களைப் பற்றிக் கொஞ்சம். இதைத்தான் எல்லோரும் போனில் கேட்கிறார்கள்.

ஸ்லிங் என்றால் கழுத்தில் மாட்டுகிற வெறும் பை இல்லை. இடுப்புக்கும் கைக்கும் நடுவில் தலையணை மாதிரி ஒன்று வைத்தது கொடுத்தார்கள். ஆறு வாரம் ராத்திரி பகல் இதோடுதான். முதலில் வந்தது ஒரு சைஸ் சின்னது, முழங்கை பைக்குள் பின்மூலை வரைக்கும் போய் உட்காரவில்லை, மணிக்கட்டு வெளியே தொங்கியது, இரண்டு நாளில் கை வீங்கிவிட்டது. மாற்றி வாங்கியதும் சரியானது. கழுத்துப் பட்டை அறுக்கும், ஒரு பழைய துண்டை மடித்து அடியில் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி வெயிலில் அக்குள் வேர்த்துப் புண்ணாகிவிடும். அதற்கு, முன்னால் குனிந்து கையைத் தானாகத் தொங்கவிட்டால் போதும், கையைத் தூக்காமலே கழுவிவிடலாம். பெண்டுலம் பயிற்சி என்று பிறகு சொல்லிக்கொடுப்பதும் அதே நிலைதான்.

படுக்கையில் மல்லாந்து படுத்தால் தோள் பின்னால் சரிந்து உயிர் போகும். சாய்ந்து தூங்கச் சொன்னார்கள். அதற்கென்று விற்கிற சரிவுத் தலையணையை ஆன்லைனில் வாங்கினேன், நடுராத்திரியில் வழுக்கிக் கீழே வந்துவிடுகிறேன், காசு தண்டம். கடைசியில் காப்பாற்றியது மாமனார் காலத்து ஈஸி சேர். பரணிலிருந்து இறக்கி, பெரிய கடை வீதியில் கெட்டித் துணி வாங்கிப் புதிதாக மாட்டி, அதில் ஏழு வாரம் தூங்கினேன். ஒரே குறை, எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக வீட்டுக்காரரை எழுப்பினால் அவர் தூக்கக் கலக்கத்தில் எந்தக் கையைப் பிடித்து இழுப்பார் என்று தெரியாது, அதனால் இடது கைக்குச் சிவப்பு ரப்பர் வளையல் போட்டுக்கொண்டேன்.

ஜெல் பை இரண்டு வாங்குங்கள், ஒன்று போதாது. ஃப்ரீசரில் தேங்காய்த் துருவல் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்துவிட வேண்டும், நேராகத் தோலில் வைத்தால் வெந்துபோகும். கயிற்றை இழுத்துக் கையைத் தூக்குவதற்குக் கதவில் மாட்டுகிற புல்லியை ஆர்வக்கோளாறில் மூன்றாவது வாரமே வாங்கிவிட்டேன். ஆறு வாரம் ஆகாமல் தொடக்கூடாது என்று சர்ஜன் சொன்னதால் பெட்டியிலேயே தூங்கியது. பிறகு நன்றாகப் பயன்பட்டது. ஆனால் கதவைத் தாழ் போட்டுவிட்டுச் செய்யுங்கள், ஒரு நாள் அந்தப் பக்கமிருந்து என் மகன் கதவைத் திறந்து, நான் கயிற்றோடு அவன்மேல் விழப் பார்த்தேன்.

சரி, கிளினிக்.

ஆறு வாரம் முடிந்து சர்ஜன் ஸ்லிங்கைக் கழற்றிவிட்டு, பிசியோ ஆரம்பியுங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார். எந்த வாரம் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று அதில் இருந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கிளினிக், அங்கே போனேன். அந்தத் தாளை நீட்டினேன், மேஜைமேல் வைத்துவிட்டார்கள், கடைசி நாள் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. படுக்கச் சொல்லி, கையைப் பிடித்து, தலைக்குமேல் கொண்டுபோக ஆரம்பித்தார் ஒரு தம்பி. நான் கத்தினேன். "வலிச்சாத்தான்மா லூஸாகும், விட்டா உறைஞ்சு போயிடும்" என்றார். பெரியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், பல்லைக் கடித்துக்கொள் என்று. நானும் கடித்துக்கொண்டேன். வகுப்பில் பிள்ளைகளிடம் "கஷ்டப்பட்டாத்தான் வரும்" என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவள், எனக்கு மட்டும் வேறு நியாயமா?

பத்து நாள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி, வெளியே வெடிச் சத்தம், உள்ளே தோளுக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருகுகிற மாதிரி வலி. ஆபரேஷன் முடிந்த வாரத்தில்கூட அப்படி இல்லை. ஐஸ் வைத்தேன், மாத்திரை போட்டேன், ஈஸி சேருக்குத் திரும்பிப் போனேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறபோது கை தொண்ணூறு டிகிரி வரைக்கும் போனது போய், மார்புக்குமேல் வரவே இல்லை. எட்டு வாரம் பட்ட பாடு வீண் என்று உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கிளினிக்குக்குப் போன் செய்தால், "ரெண்டு நாள் லீவ் விட்டுட்டீங்க, அதான் டைட் ஆயிடுச்சு, வாங்க இழுத்துவிட்டுடலாம்" என்றார்கள். அதோடு சரி, அந்தப் பக்கம் போகவில்லை.

உறவினர்களுக்கு விஷயம் தெரிந்ததும் வைத்தியம் கொட்டியது. பிரண்டைத் துவையல் வந்தது, முடக்கத்தான் தோசை வந்தது, இரண்டையும் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தன. சித்தி ஒருத்தி புத்தூர் கட்டுப் போடு என்றார், திருச்சிப் புத்தூர் இல்லை, ஆந்திரா புத்தூர். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை சித்தி, நார்தான் பிய்ந்தது என்று சொன்னால் "எல்லாம் ஒண்ணுதான்டி" என்றார். தைலத்தோடு உருவிவிட ஒரு அம்மாவையும் அழைத்துவந்துவிட்டார்கள். உள்ளே நூல் போட்டுக் கட்டியிருக்கிற இடத்தை உருவ விடாமல் தப்பித்தேன்.

தில்லை நகர் கிளினிக்கைச் சொன்னது எங்கள் பள்ளி பி.டி. சார். முதல் நாள் அந்த பிசியோ அம்மா, முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், என் கையைத் தொடவே இல்லை. தொடாமலேயே நாற்பது நிமிடம். டிஸ்சார்ஜ் சம்மரியை முழுக்கப் படித்தார், எத்தனை ஆங்கர், கிழிசல் எவ்வளவு பெரிது என்று பார்த்தார். சர்ஜன் கொடுத்த தாளைக் கேட்டார், அது பழைய இடத்திலேயே மாட்டிக்கொண்டது என்றதும் சர்ஜனின் உதவியாளருக்குப் போன் போட்டு வாட்ஸப்பில் வாங்கினார். சர்க்கரை இருக்கிறதா, மூன்று மாத சர்க்கரை அளவு என்ன என்று கேட்டார். இது எதற்கு என்றேன். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம், அதை வைத்துத்தான் எவ்வளவு மெதுவாகப் போவது என்று முடிவு செய்ய வேண்டும் என்றார். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. முதல் இடத்தில் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் கேட்ட கேள்விதான் முக்கியம். "வலிக்குது சரி டீச்சர், எப்படி வலிக்குது? பயிற்சி செஞ்ச அன்னைக்கு வலிச்சு மறுநாள் காலையில அடங்குதா, இல்ல மறுநாளும் அப்படியே இருக்கா? மந்தமா இருக்கா, சுரீர்னு இருக்கா? எங்கே, மேல் கையிலயா, மூட்டுக்குள்ளயா?" எட்டு வாரத்தில் முதல் முறையாக என் வலியை ஒருவர் பிரித்துப் பார்க்கிறார். பயிற்சிக்குப் பிறகு வருகிற மந்தமான வலி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை, வரவில்லை என்றால் செய்தது அதிகம், அடுத்த நாள் பாதியாகக் குறை, நிறுத்தாதே என்றார். திடீரென்று சடக் என்று சத்தம் கேட்டு அதோடு கையில் பலமே இல்லாமல் போனால், காய்ச்சலோ தையல் இடத்தில் சிவப்போ கசிவோ வந்தால், கை வீங்கி மரத்துப்போனால், எனக்குப் போன் செய்யாதீர்கள், நேராக சர்ஜனிடம் போங்கள் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.

தசைநார் எலும்போடு ஒட்டி ஓரளவு பலம் பிடிக்கவே பன்னிரண்டு வாரம் ஆகுமாம். எட்டாவது வாரத்தில் முதல் கிளினிக் தம்பி முழுப் பலத்தோடு இழுத்தது எவ்வளவு ஆபத்தான வேலை என்று அப்போதுதான் புரிந்தது. இந்த அம்மா மற்ற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். நான்தான் திட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு கருவியை எடுத்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோணமானி! பிளாஸ்டிக் வட்டம், அதில் டிகிரி, இரண்டு நீளக் கைகள். ஒரு கையை என் விலாவோடு வைத்து, இன்னொன்றை மேல்கையோடு நகர்த்தி, எழுபத்திரண்டு என்றார். நான் எட்டிப் பார்த்து எழுபத்து நான்கு என்றேன். பார்வைக் கோணம் தவறு, நேராக நின்று படிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன், அதையே அவர் எனக்குச் சொன்னார். எழுபத்திரண்டுதான். அன்றிலிருந்து ஒரு வரைபட நோட்டு போட்டேன். எக்ஸ் அச்சில் வாரம், ஒய் அச்சில் கோணம், சிவப்பு மையில் ராத்திரி வலி பத்துக்கு எவ்வளவு என்று. வலியைத் தினமும் எழுதலாம், கோணத்தை வாரம் ஒரு முறைதான் அளக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினமும் அளந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று. நான் திருட்டுத்தனமாக நடுவில் அளந்தேன், பிடிக்கத்தான் செய்தது.

முதல் பத்து நாள் என்னை ஐந்தாவது வாரத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மேஜையைப் பிடித்துக் குனிந்து கையை ஆட்டும் பெண்டுலம், படுத்துக்கொண்டு இடது கையால் வலது கையைத் தூக்குவது, தோள்பட்டை எலும்பைப் பின்னால் சேர்ப்பது. அவ்வளவுதான். நானூறு ரூபாய் கொடுத்து இதற்கா வருகிறோம் என்று இருந்தது. ஆனால் ராத்திரி வலி ஏழிலிருந்து மூன்றுக்கு வந்தது, பதினொன்றாவது வாரம் கோணம் நூற்றுப் பத்து. மருத்துவ விடுப்பு முடிந்து பள்ளிக்கும் போக ஆரம்பித்தேன், இடது கையால் எழுதினேன், என் கையெழுத்தைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மூன்று நாள் சிரித்தது.

பன்னிரண்டாவது வாரம்தான் பெரிய சறுக்கல். காலை நேரம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் என்பதால் நிற்க இடமில்லாத கூட்டம். இடது கையில் கம்பி, வலது தோளில் எதுவும் இல்லை, ஒழுங்காகத்தான் நின்றேன். யாரோ குறுக்கே வந்து டிரைவர் பிரேக் அடித்ததும் என் வலது கை தானாகப் போய் மேல் கம்பியைப் பிடித்துவிட்டது. மூளை சொல்வதற்குள் கை போய்விட்டது. சுரீர் என்று ஒரு இழுப்பு, கண்ணில் பொறி. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தையல் பிய்ந்துவிட்டது, மறுபடி ஆபரேஷன், மறுபடி ஈஸி சேர், மறுபடி ஆறு வாரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

பிசியோ அம்மாவுக்குப் போன் செய்தேன். காலை எட்டு நாற்பது, எடுத்தார். பதறவும் இல்லை, ஒன்றுமில்லை என்று மழுப்பவும் இல்லை. "சடக்னு சத்தம் கேட்டுதா? இல்ல. இப்போ முழங்கையை மடக்கி வெச்சு, மெதுவா கையை வெளிப்பக்கமா திருப்புங்க, பலம் இருக்கா? சரி. இன்னைக்கு ஸ்கூல் வேணாம், ஸ்லிங்கை மாட்டிக்குங்க, ஐஸ் வைங்க, சாயந்திரம் சர்ஜனைப் பாத்திடுங்க, நான் அவங்களுக்குச் சொல்லிடறேன்." சர்ஜன் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்தார். தையல் அப்படியே இருந்தது. இழுப்பில் சுற்றியுள்ள தசை பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள், வலி போய்விடவில்லை. நூற்றுப் பத்து எண்பத்தைந்துக்கு இறங்கியது. வரைபடத்தில் அந்தப் புள்ளியை வைக்க மனசே வரவில்லை, ஒரு வாரம் நோட்டைத் திறக்கவில்லை. வலியைவிடப் பயம்தான் அதிகம், கண்ணாடி டம்ளரை எடுக்கக்கூட யோசித்தேன். கிளினிக்கில் அந்த இரண்டு வாரம் நடந்ததுதான் நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பதற்குக் காரணம். வலிக்கு என்று ஐ.எஃப்.டி. என்கிற மெஷினில் ஈரப் பஞ்சு வைத்துக் கரண்ட் கொடுப்பார்கள், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், இதமாகத்தான் இருக்கிறது. இதனால் சரியாகுமா என்று கேட்டேன். "இது உங்களைக் கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணும் டீச்சர், சரி பண்றது பயிற்சிதான். வேணாம்னா விட்டுடலாம், நூறு ரூபா மிச்சம்" என்றார். காசு வருகிற மெஷினைப் பற்றி அதன் சொந்தக்காரரே இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வலிக்கிற பயிற்சியை விட்டுவிட்டு வலிக்காததைப் பிடித்துக்கொண்டார். சுவரில் விரலால் ஏறுகிற மர ஏணி ஒன்று இருக்கிறது, படிப்படியாகச் சின்னச் சின்ன வெட்டு. பழைய கணக்கில் நான் இருபத்திரண்டாவது படி. அவர் பதினான்காவது படியில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, இந்த வாரம் இதைத் தாண்டினால் எனக்குப் பிடிக்காது என்றார். தாண்ட முடிகிற நாளிலும் தாண்டக்கூடாது. வலி இல்லாத நாளில் அதிகமாகச் செய்து, அடுத்த இரண்டு நாள் படுத்துக்கொள்வதுதான் என் வழக்கமாக இருந்ததாம், நோட்டைப் புரட்டிக் காட்டினார், சிவப்புப் புள்ளிகள் ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும். கணக்கு டீச்சருக்கு அது தெரியாமல் போனது அவமானம்தான். மாத்திரையையும் சர்ஜனிடம் கேட்டு மாற்றி வைத்தார்: வலி ஏறிய பிறகு தேடாமல், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன் ஒரு பாராசிட்டமால், அதுவும் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும். வீக்கத்துக்கான வேறு மாத்திரைகளைக் கடையில் நானாக வாங்கிப் போடக்கூடாது என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார், உங்களுக்கு என்ன என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதினைந்தாவது வாரம் மறுபடி நூற்றுப் பத்து, பதினேழாவது வாரம் நூற்று முப்பது.

இப்போது அந்த ஒரு மதிப்பெண். கிளினிக் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. தோள் நோயாளிக்குப் பரவாயில்லை, முட்டி மாற்றிக்கொண்டு வருகிற பெரியவர்கள் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. இதை நான்கு முறை சொல்லிவிட்டேன், இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். மாலை ஆறரை மணிக்கு ஆறு பேருக்கு நேரம் கொடுத்துவிடுகிறார்கள், இருப்பதோ நான்கு கட்டில், ஐம்பது நிமிடம் காத்திருந்த நாளெல்லாம் உண்டு. திரைச்சீலை முழுசாக மூடாது, பெண்கள் துப்பட்டாவையோ ஒரு பெரிய டவலையோ கொண்டுபோங்கள். உதவிக்கு வரும் பயிற்சி மாணவிகள் மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார்கள், ஒவ்வொருவரிடமும் ஆடி மாதத்து வாசல்படியிலிருந்து கதையை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை ஒரு மாணவி எனக்கு வேறு யாருடைய இழுக்கக் கடினமான ரப்பர் பட்டையையோ கொடுத்துவிட்டாள், பிசியோ அம்மா ஓடிவந்து பிடுங்கினார். அவர் கவனித்தார், சரி, கவனிக்காத நாள் இருந்தால்? நிறத்தை வைத்துத்தான் பட்டையின் இறுக்கம் தெரியும், உங்கள் பட்டையின் நிறத்தை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

செலவு: ஒரு தடவைக்கு நானூறு, வீட்டுக்கு வந்தால் எழுநூறு. இன்ஷூரன்ஸ் எனக்கு ஆபரேஷனோடு நின்றுவிட்டது, பிசியோ மொத்தமும் கைக்காசு. முதல் இரண்டு மாதம் வாரம் மூன்று முறை, பிறகு இரண்டு, பிறகு அவரே "இனி பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை வந்தாப் போதும், வீட்டுல செய்ங்க" என்று குறைத்தார். இருபது சிட்டிங் பேக்கேஜ் என்று முன்பணம் கேட்கிற இடங்கள் இருக்கின்றன, இங்கே அது இல்லை.

மூன்றாவது சறுக்கல் முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. வைகுண்ட ஏகாதசி, ஸ்ரீரங்கம் முழுக்க ஜனம், பதினெட்டாவது வாரம், கை நன்றாக இருக்கிறதே என்று விடியற்காலையில் வாசலில் இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டுவிட்டேன். குனிந்து, கையை நீட்டி, முக்கால் மணி நேரம். கோலம் அழகாகத்தான் வந்தது. ராத்திரி வலி ஆறு. ஆனால் இந்த முறை அழவில்லை, போனும் செய்யவில்லை. மந்தமான வலி, மேல்கையில், சத்தம் எதுவும் கேட்கவில்லை, பலம் இருக்கிறது. ஐஸ், ஈஸி சேர், மறுநாள் பாதிப் பயிற்சி, மூன்றாம் நாள் முக்கால். நான்காம் நாள் காலையில் வலி ஒன்றரை. அடுத்த தடவை போனபோது நோட்டைக் காட்டினேன். "எத்தனை புள்ளி டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். இருபத்தொன்று என்றேன். "அடுத்த வாரம் ஏழு புள்ளி போடுங்க, அதுவும் பயிற்சிதான்" என்றார். அன்றிலிருந்து வாசல் கோலத்தைப் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

இப்போது நூற்று அறுபத்தைந்து. இடது தோள் நூற்று எழுபத்தைந்து, அதையும் அளந்துவிட்டேன். பின்னால் கை கொண்டுபோய் ஜடை பின்ன முடிகிறது, புடவை முந்தானையை இழுத்துச் செருகும்போது மட்டும் உள்ளே ஒரு சின்னப் பிடிப்பு. முழுசாகச் சரியாக ஒரு வருடம் ஆகலாம் என்று முதலிலேயே சொன்னார்கள், அப்போது காதில் விழவில்லை. ஜூனில் பள்ளி திறந்த அன்று கரும்பலகையின் மேல் ஓரத்தில் வலது கையால் தேதி எழுதினேன். ஒன்பது 'பி' இப்போது பத்து 'பி' ஆகிவிட்டது, "இடது கையிலயே எழுதுங்க மிஸ், அதான் ஜாலியா இருந்துச்சு" என்கிறார்கள்.

இங்கே போகப்போகிறவர்களுக்கு: டிஸ்சார்ஜ் சம்மரியும் சர்ஜன் கொடுத்த தாளும் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். ஞாயிறு விடுமுறை. வண்டி நிறுத்த இடமில்லை, ஆட்டோதான் சரி. மாலை ஆறரை மணி வேண்டாம், காலை பத்தே கால் கேளுங்கள், அப்போதுதான் அந்த அம்மா தானே பக்கத்தில் நின்று எண்ணுவார்.